தரை தட்டுவதற்கென்றே ஒரு கப்பல்: எல்.எஸ்.டி-325-இன் பணி வரலாறு

கப்பல் தரை தட்டியது என்று செய்தி வந்தால் அது கெட்ட சேதி. கேப்டனுக்கு விசாரணை, முதலாளிக்கு நஷ்டம், இழுவைப் படகுக்குத் தண்டச் செலவு. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களைத் தரை தட்டுவதற்காகவே கட்டியது. கடலில் வந்தபடியே மணலில் ஏற வேண்டும். வாயைத் திறந்து டாங்கிகளை வெளியே விட வேண்டும். பிறகு தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் அடுத்த சுமைக்கு ஓட வேண்டும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இவற்றை எல்.எஸ்.டி. என்றார்கள். டாங்கி இறக்கும் கப்பல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

போர்க்காலத்தில் இந்தக் கப்பல்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண் மட்டும்தான். நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 325-ஆம் எண் கப்பல். 1942-இல் பிலடெல்பியாவில் தொடங்கி, சிசிலி, நார்மண்டி, ஆர்க்டிக் கடல், கிரீஸ் என்று சுற்றிவிட்டு 2001-இல் அமெரிக்கா திரும்பியது. இன்றும் சொந்த எஞ்சினில் ஓடுகிறது. போர்க்கப்பல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பீரங்கியிலிருந்து தொடங்குவார்கள்: எத்தனை குண்டு போட்டது, யாரை மூழ்கடித்தது என்று. இந்தக் கப்பலை அப்படி அளக்க முடியாது. லாரிக்காரர்களிடம் கேட்பதுபோல, எத்தனை நடை அடித்தது, என்ன ஏற்றிப் போனது, யாரை ஏற்றி வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஆழமும் வேண்டும், ஆழம் கூடவும் கூடாது

1940-இல் டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித்தபோது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டாங்கி, லாரி, பீரங்கி எல்லாம் பிரெஞ்சு மண்ணிலேயே கிடந்தன. என்றாவது ஒரு நாள் திரும்பிப் போய் ஐரோப்பாவில் இறங்கத்தான் வேண்டும். ஆனால் துறைமுகங்கள் எதிரியின் கையில் இருக்கும். கிரேனும் இல்லாமல் தளமும் இல்லாமல், 30 டன் டாங்கியை வெறும் கடற்கரையில் எப்படி இறக்குவது?

பிரிட்டன் முதலில் ஒரு கைவைத்தியம் செய்து பார்த்தது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியில் எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்த, அதிக ஆழம் தேவைப்படாத டாங்கர் கப்பல்கள் மூன்றை எடுத்து, முன்பக்கத்தை வெட்டிக் கதவு பொருத்தியது. யோசனை சரி என்று தெரிந்தது. ஆனால் மூன்று கப்பலால் ஒரு கண்டத்துக்குள் நுழைய முடியாது. உதவி கேட்டு அமெரிக்காவிடம் போனார்கள். அங்கே 1941 நவம்பர் தொடக்கத்தில், கடற்படையின் கப்பல் வடிவமைப்புப் பிரிவில் இருந்த ஜான் நீடர்மேயர் ஒரு மாதிரிப் படம் வரைந்தார். பின்னால் கட்டப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் கப்பல்களுக்கும் அதுதான் அடிப்படை.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டும் என்றால் கப்பல் நீரில் ஆழமாக அமிழ்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையில் நிலைகொள்ளாது. கரையில் ஏற வேண்டும் என்றால் முன்பக்கம் இடுப்பளவு நீரில் மிதக்கும் அளவுக்கு மேலே வந்துவிட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். நீடர்மேயர் இரண்டையும் ஒரே உடலில் வைத்தார். கப்பலின் அடியிலும் பக்கங்களிலும் பெரிய பாலஸ்ட் தொட்டிகள். நடுக்கடலில் அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் அமிழும். கரை நெருங்கும்போது பம்பு வைத்து நீரை வெளியேற்றினால் மேலே எழும். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கவும் எழவும் செய்கிற அதே வித்தைதான். சுமை இல்லாதபோது இதன் முன்பக்கம் இரண்டரை அடிக்கும் குறைவான நீரில் மிதந்தது, பின்பக்கம் ஏழரை அடியில். அந்தச் சரிவு கடற்கரை மணலின் சரிவோடு ஒத்துப்போவதற்காக வைத்தது.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். நீளம் 328 அடி, அகலம் 50 அடி. ரயில் எஞ்சின்களில் ஓடிய அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 900 குதிரைத்திறன். வேகம் நன்றாக ஓடினால் 12 நாட். சைக்கிள் ஓட்டுகிற வேகம்தான். எல்.எஸ்.டி. என்ற எழுத்துகளுக்கு மாலுமிகள் தாங்களே ஒரு விரிவு வைத்திருந்தார்கள்: 'லார்ஜ் ஸ்லோ டார்கெட்', பெரிய மந்தமான இலக்கு. மேலே விமானமும் கீழே நீர்மூழ்கியும் தேடுகிற கடலில், அந்த வேகத்தில் போகிறவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரிந்திருக்கும்.

வயிற்றுப் பகுதி முழுக்க டாங்கித் தளம். நடுவில் தூண் இல்லாத நீண்ட கூடம். ஷெர்மன் டாங்கிகள் இருபது அடங்கும். இருபது டாங்கிகளும் ஒரே நேரத்தில் எஞ்சினைப் போட்டால் அந்த மூடிய கூடத்தில் புகை ஆளைக் கொல்லும். இதைச் சோதிக்க, கடலே இல்லாத கென்டக்கி மாநிலத்தில், ஃபோர்ட் நாக்ஸ் ராணுவத் தளத்தில், டாங்கித் தளத்தை அதே அளவில் ஒரு கட்டடமாகக் கட்டி, உள்ளே டாங்கிகளை ஓட்டிப் புகைபோக்கி விசிறிகளைச் சரிசெய்தார்கள்.

325-ஐப் பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் 1942 ஆகஸ்ட் 10 அன்று கட்டத் தொடங்கினார்கள். அக்டோபர் 27 அன்று நீரில் இறக்கினார்கள். கணக்குப் பார்த்தால் 78 நாள். 1943 பிப்ரவரி 1-இல் சேவையில் சேர்ந்துவிட்டது.

மணலில் ஏறி இறங்கும் வித்தை

இதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். கரைக்குச் சில நூறு அடி முன்பே கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு நங்கூரத்தைப் போட்டுவிடுவார்கள். கப்பல் முன்னேற முன்னேற, பின்னால் எஃகு வடம் அவிழ்ந்துகொண்டே போகும். அடிப்பாகம் மணலைத் தொட்டதும் ஒரு உராய்வு, ஒரு குலுக்கல், பிறகு நிற்கும். மூக்கிலுள்ள இரண்டு பெரிய கதவுகள் இருபக்கமும் திறக்கும். உள்ளே இருக்கும் சரிவுப்பலகை சங்கிலியில் இறங்கி மணலில் படும். வாகனங்கள் வரிசையாக வெளியேறும். மேல்தளத்து வாகனங்களை, 325 போன்ற தொடக்கக் காலக் கப்பல்களில், ஒரு லிஃப்ட் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கும்.

சுமை இறங்க இறங்கக் கப்பல் லேசாகும். கிளம்பும் நேரம் வந்ததும் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, கூடவே பின்னாலுள்ள, வடத்தைச் சுருட்டும் வின்ச்சைச் சுழற்றுவார்கள். முன்பே போட்டுவைத்த நங்கூரம் மணலைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்த வடத்தைப் பிடித்துக் கப்பல் தன்னைத் தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். நங்கூரத்தைக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ போட்டால் எல்லாம் கெட்டது. வடம் போதாது, அல்லது பிடி கிடைக்காது. அதே நேரத்தில் கரையிலிருந்து பீரங்கி சுடும். அலை பக்கவாட்டில் தள்ளும். கப்பல் குறுக்கே திரும்பிவிட்டால் மீட்பது கடினம். இதைச் செய்த மாலுமிகளில் பெரும்பாலோர் போருக்கு முன் கடல் வேலையே பார்க்காதவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை வருகிறது.

மத்தியதரைக் கடல்

1943 மார்ச்சில் 325 அட்லாண்டிக்கைக் கடந்து அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்துக்குப் போனது. ஜூலை 10 அன்று சிசிலித் தரையிறக்கம். 325 போன இடம் கெலா. அங்கே கடற்கரையின் சரிவு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. சிசிலியில் பல இடங்களில் கரைக்கு முன்னாலேயே மணல்திட்டு உண்டு. கப்பல் அதில் தட்டி நின்றுவிடும். கரை வந்துவிட்டது என்று நினைத்து வாகனத்தை இறக்கினால், திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆளை மூழ்கடிக்கிற ஆழம். இதற்காக இரும்புப் பெட்டி மிதவைகளைக் கோத்து ஒரு மிதக்கும் பாதை செய்து, அதைக் கப்பலின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு எடுத்துப் போனார்கள். திட்டில் கப்பல் நின்றதும் மிதவைப் பாதையை முன்னால் தள்ளிக் கரையைத் தொட வைத்தார்கள். அந்த வழி சிசிலியில் முதல்முதலாகப் போரில் சோதிக்கப்பட்டது.

செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ. அதற்குச் சற்று முன், துனிசியாவின் பிசெர்ட்டேயில் நின்றிருந்தபோது விமானத் தாக்குதலில் 325-இன் மாலுமிகள் சிலர் காயமடைந்தார்கள். நவம்பரில் ஒரு கப்பல் அணியோடு இங்கிலாந்துக்குக் கிளம்பியது. 21-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் வந்து, ரேடியோ அலையால் வழிநடத்தப்படும் சறுக்குக் குண்டுகளால் அந்த அணியைத் தாக்கின. அந்தக் காலத்துக்கு அது புத்தம் புதிய ஆயுதம். 325 தப்பி, அமெரிக்கர்கள் நன்றி செலுத்தும் திருநாளான நவம்பர் 25 அன்று பிளிமத் துறைமுகம் சேர்ந்தது.

எண்ணிக்கை குறைந்தால் போரின் தேதியே மாறும்

இங்கே கொஞ்சம் விலகி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1944-இல் நேச நாடுகளின் திட்டங்களை எல்லாம் முடிச்சுப்போட்டு வைத்திருந்தது இந்தக் கப்பல்களின் தட்டுப்பாடுதான். ஆட்கள் இருந்தார்கள், டாங்கிகள் இருந்தன, விமானங்கள் இருந்தன. கரையில் இறக்கும் கப்பல் போதவில்லை. பிரான்ஸின் நார்மண்டித் தரையிறக்கத்தை மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளிவைத்ததற்கு ஒரு காரணம், இன்னும் ஒரு மாதத்து உற்பத்தி கையில் கிடைக்கட்டும் என்பது. அதே நேரத்தில் நடத்த நினைத்த தென் பிரான்ஸ் தரையிறக்கமும் இதனாலேயே ஆகஸ்டுக்குப் போனது.

அந்தச் சூழலில் ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்த எல்.எஸ்.டி. வரிசைக்குள் ஜெர்மன் டார்பிடோப் படகுகள் புகுந்தன. 507, 531 இரண்டும் மூழ்கின. 289 பின்பக்கம் சிதைந்து கரை சேர்ந்தது. இறந்தவர்கள் 600-க்கும் மேல். பலர் ஊதிக்கொள்ளும் மிதவை வளையத்தை அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகில் சுமையோடு நீரில் விழுந்ததும் அது அவர்களைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. எப்படிக் கட்டுவது என்று யாராவது ஒரு நிமிடம் காட்டிக்கொடுத்திருந்தால் போதும். படிக்கும்போதெல்லாம் என் மனதை இது அறுக்கிறது. இந்த இழப்பு, ஜூன் மாதத்துக்குக் கையிருப்பாக வைத்திருந்த எல்.எஸ்.டி.களின் கணக்கையும் தின்றுவிட்டது. ஐந்து வாரம் கழித்து 325 கிளம்பியது இந்தச் செய்தியின் நிழலில்தான்.

நார்மண்டி: நடை மேல் நடை

1944 ஜூன் 5 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து 325 புறப்பட்டது. ஓமஹா கடற்கரைக்கு முதல் அலைக்குப் பின்னால் போகும் துணைப்படையில் அதற்கு இடம். உள்ளே 59 வாகனங்கள், 31 அதிகாரிகள், 408 வீரர்கள். கூடவே மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும். போகும்போது டாங்கிக் கப்பல், வரும்போது மருத்துவக் கப்பல் என்பது முதலிலேயே முடிவானது. டாங்கித் தளத்தின் சுவர்களில் ஸ்ட்ரெச்சர் மாட்டும் கொக்கிகள் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள்.

ஜூன் 7 அன்று ஓமஹாவுக்கு எதிரே நங்கூரம் போட்டது. கரைக்கு நேரே போய் ஏறவில்லை. சிறு படகுகளுக்கும், நீரிலும் நிலத்திலும் ஓடும் 'டக்' லாரிகளுக்கும் சுமையை மாற்றி அனுப்பினார்கள். மாற்றி ஏற்றுவது மெதுவான வேலை. கரையில் இருந்தவர்களோ குண்டும் டாங்கியும் கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்வைக் கடலே வைத்திருந்தது. நார்மண்டிக் கரையில் ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஏறக்குறைய 20 அடி வித்தியாசம் வரும். ஏற்றத்தில் கப்பலைக் கரையில் ஏற்றி அப்படியே விட்டுவிட்டால், நீர் வற்றியதும் கப்பல் முழுசாக உலர்ந்த மணலில் உட்கார்ந்திருக்கும். சரிவுப்பலகையை இறக்கினால் லாரி சக்கரம் நனையாமல் ஓடி வெளியே வரும். அடுத்த ஏற்றத்தில் கப்பல் மிதந்து கிளம்பும். தொடக்கத்தில் இதற்குப் பயந்தார்கள். மேடுபள்ளமான மணலில் இத்தனை நீளமான கப்பல் உட்கார்ந்தால் முதுகெலும்பு முறியும் என்ற கவலை. செய்து பார்த்தார்கள், முறியவில்லை. அதன் பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. கரை நெடுகிலும் கப்பல்கள் வாயைத் திறந்தபடி மணலில் படுத்திருக்கும் அந்தக் கால நிழற்படங்களைப் பார்த்தால் இன்றும் வியப்புத்தான்.

அடுத்த ஒன்பது மாதங்களில் 325 ஆங்கிலக் கால்வாயை 40 தடவைக்கு மேல் கடந்து திரும்பியது. போகும்போது ஆட்கள், வாகனங்கள், குண்டுகள். வரும்போது காயம்பட்டவர்கள். மொத்த எல்.எஸ்.டி. கூட்டமும் சேர்ந்து, நார்மண்டியின் முதல் 114 நாட்களில் 41,000-க்கும் அதிகமான காயம்பட்டவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. அந்த நாற்பதுக்கும் மேற்பட்ட நடைகளில் பெரும்பாலானவற்றைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூடத் தனியாக இல்லை. ஏற்றியது, கடந்தது, இறக்கியது, திரும்பியது. ஒன்றும் நடக்காமல் போய் வந்த ஒவ்வொரு நடையும் அங்கே ஒரு வெற்றி என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு டிசம்பர் மாலை, ஒரு மே மாதப் புயல்

நடந்த சம்பவங்களில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1944 டிசம்பர் 28. சவுதாம்ப்டனிலிருந்து பிரான்ஸின் லெ ஹாவ்ர் நோக்கி 'எம்பயர் ஜாவலின்' என்ற படைக்கப்பல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏறத்தாழ 1,500 அமெரிக்க வீரர்கள். நடுக்கால்வாயில் ஒரு வெடிப்பு. கப்பலில் நீர் ஏறியது. அதே டிசம்பரில், நான்கு நாட்களுக்கு முன்புதான், 'லியோபோல்ட்வில்' என்ற இன்னொரு படைக்கப்பல் செர்பூர் அருகே மூழ்கி 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். குளிர்காலக் கால்வாய் நீரில் விழுந்த மனிதனுக்கு அதிக நேரம் கிடைக்காது.

இந்த முறை கதை வேறு மாதிரி முடிந்தது. துணைக்கு வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் 'லெஸ்கார்முஷ்' நெருங்கி ஆட்களை ஏற்றியது. 325-உம் வந்து சேர்ந்து ஏறக்குறைய 700 பேரைக் காப்பாற்றியது. எம்பயர் ஜாவலின் மூழ்கியது. உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. 325-இன் கேப்டன் கிளிஃபோர்ட் மோசியருக்கு இதற்காக வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. லியோபோல்ட்வில்லையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒரே கடல், ஒரே குளிர், நான்கு நாள் இடைவெளி. பக்கத்தில் சரியான நேரத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொள்ளும் கப்பல்கள் இருந்ததும், அவை தயங்காமல் நெருங்கியதும்தான் பெரிய வித்தியாசம். 700 பேரை உடனே ஏற்றிக்கொள்ளும் இடம் ஒரு சரக்குக் கப்பலின் வயிற்றில்தான் இருக்கும்.

இரண்டாவது சம்பவம் போர் முடிந்த பிறகு நடந்தது. ஐரோப்பாவில் ஜெர்மனி சரணடைந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1945 மே 12 அன்று பெல்ஃபாஸ்டிலிருந்து கப்பல் அணியோடு 325 ஊருக்குக் கிளம்பியது. இரண்டு நாள் கழித்துப் புயல். ஒரு பேரலை மீது முகம் கொடுத்து மோதியதில் மேல்தளத்தின் குறுக்கே விரிசல் விழுந்தது.

இது ஏன் அவ்வளவு ஆபத்து? நீண்ட தட்டையான உடல். நடுவில் தடுப்புச் சுவரே இல்லாத வெற்றுக் கூடம். பெரிய அலை முன்னும் பின்னும் தாங்கும்போது நடு வயிறு தொங்கும். அலை நடுவில் வந்தால் இரு முனையும் தொங்கும். நிமிடத்துக்குப் பல தடவை ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்துவதுபோல. தட்டையான அடிப்பாகம் அலையை வெட்டிக்கொண்டு போகாமல் அதன் மேல் ஏறி 'படார்' என்று விழும், அந்த அதிர்ச்சி வேறு. வெல்டிங் செய்து ஒட்டிய உடலில் விரிசல் ஒன்று தொடங்கிவிட்டால், ஆணி அடித்த தகட்டைப்போல அடுத்த மூட்டில் அது நிற்காது, ஓடும். ஓடினால் கப்பல் இரண்டாகும்.

மாலுமிகள் அந்தப் புயலிலேயே இரும்பு உத்திரங்களை விரிசலுக்குக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்து தைத்தார்கள். மேல்தளம் ஆடுகிறது, நீர் அடிக்கிறது, கையில் வெல்டிங் கம்பி. எலும்பு முறிந்த காலுக்குப் பலகை வைத்துக் கட்டுவது போன்ற வேலை அது. கட்டு நின்றது. மே 31 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபக் துறைமுகத்தை அடைந்தார்கள். மூன்று தரையிறக்கங்களிலும் நாற்பது நடையிலும் பிழைத்த கப்பலை, ஊருக்குப் போகும் வழியில் கடல் கிட்டத்தட்ட எடுத்துக்கொண்டிருக்கும். பெயர் தெரியாத அந்த வெல்டர்கள்தான் இந்தக் கப்பலின் உண்மையான நாயகர்கள் என்பது என் கருத்து.

ராடாரும் கிரீஸும்

1946 ஜூலை 2 அன்று ஃப்ளோரிடாவின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் 325-ஐச் சேவையிலிருந்து விலக்கினார்கள். போர் முடிந்ததும் இவ்வகைக் கப்பல்கள் பெரும்பாலும் உடைப்புத் தளத்துக்குப் போயின. சில சரக்குக் கப்பலாயின, சில குண்டுச் சோதனைக்கு இலக்காயின. போரில் எதிரியால் மூழ்கியவை 26, புயலிலும் பாறையிலும் விபத்திலும் போனவை 13. கட்டியது 1,051. ஆக, இந்த இனத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தது எதிரி அல்ல, அமைதிக்காலம். வேலை இல்லாத கப்பலுக்குச் சோறு போட யாரும் இல்லை.

325-க்கு வேலை கிடைத்தது. 1951-இல் மறுபடி எழுப்பி, லாப்ரடார் கடல், டேவிஸ் நீரிணை, பாஃபின் விரிகுடா என்று வடக்கே அனுப்பினார்கள். கனடாவின் கிழக்குக் கரையிலும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் ராடார் நிலையங்கள் கட்ட, துறைமுகமே இல்லாத பனிக்கரைகளில் சாமான் இறக்க வேண்டியிருந்தது. நார்மண்டியில் கற்ற வித்தை அங்கேயும் உதவியது. பிறகு மறுபடி ஓய்வு.

1964-இல் கிரீஸ் கடற்படைக்குக் கொடுத்தார்கள். முதல்முறையாக ஒரு பெயர் கிடைத்தது: சைரோஸ், ஏஜியன் கடலில் உள்ள ஒரு தீவின் பெயர். பக்கத்தில் எழுதிய எண் எல்-144. ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட நாட்டுக்கு, துறைமுகம் கேட்காமல் கரையிலேயே ஏறி இறக்கும் கப்பல் எவ்வளவு தோதானது என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கொடியின் கீழ் போரில் இருந்தது இரண்டரை ஆண்டுதான். கிரேக்கக் கொடியின் கீழ் உழைத்தது 35 ஆண்டு, 1999 டிசம்பர் வரை. இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 35 ஆண்டை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எஞ்சினைக் கழற்றி மாட்டி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து அதை உயிரோடு வைத்தவர்கள் கிரேக்க மாலுமிகள். அவர்கள் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவர ஒன்றும் மிஞ்சியிருக்காது.

72 வயதுக்காரர்களின் பயணம்

எல்.எஸ்.டி.களில் வேலை பார்த்த பழைய மாலுமிகள் சிலருக்கு, ஒரு கப்பலையாவது நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்காக ஒரு சங்கம் அமைத்து, 2000-இல் கிரீஸிடமிருந்து இதைப் பெற்றார்கள். கப்பல் கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் நின்றது. இழுத்துக்கொண்டு வரப் பணம் இல்லை. சரி, நாமே ஓட்டிக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தார்கள்.

முப்பது பேர்கூட இல்லை. சராசரி வயது 72. போர்க்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த வேலை அது. ராபர்ட் ஜார்ன்லின் கேப்டன். முதலில் கப்பலை ஓடும் நிலைக்குக் கொண்டுவரவே மாதக்கணக்கில் அங்கே தங்கிப் பழுதுபார்த்தார்கள். 2000 நவம்பர் 14 அன்று கிளம்பி, ஜிப்ரால்டரில் நின்று, டிசம்பர் நடுவில் அட்லாண்டிக்குக்குள் இறங்கினார்கள். குளிர்கால அட்லாண்டிக், 58 வயதுக் கப்பல், ஒருமுறை ஏற்கெனவே பிளந்த மேல்தளம். இந்தக் கப்பலில் கடலைக் கடக்க வேண்டாம் என்று அதிகாரிகள் தரப்பிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. அந்த எச்சரிக்கையில் தவறு எதுவும் இல்லை. 1945 மே மாதக் கதையைப் படித்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் போனார்கள். ஏறக்குறைய 6,500 மைல் ஓட்டி, 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபீல் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். கரையில் கூட்டம் நிறைந்து நின்றது.

இன்னொரு கப்பலின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நார்மண்டிக்குப் போன எல்.எஸ்.டி-510 பிற்பாடு பயணிகளையும் கார்களையும் ஏற்றும் ஃபெரியாக மாறி, நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்கும் கனெக்டிகட்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடியது. அதுவும் ஆவணத்தாலோ அரசு ஆணையாலோ பிழைத்த கப்பல் இல்லை. சுமக்க ஏதோ ஒரு சுமை தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தது, அதனால் பிழைத்தது. 325-ஐ எடுத்து ஆராய்ந்ததில் எனக்குக் கிடைத்த விடையும் இதேதான்.

ஓஹையோ ஆற்றங்கரை

2005-இல் 325 இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே, ஓஹையோ ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். கடல் கப்பலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். போர்க்காலத்தில் கடலோரத் தளங்கள் எல்லாம் பெரிய போர்க்கப்பல்களால் நிரம்பியிருந்தன. அதனால் எல்.எஸ்.டி.களைக் கட்டும் வேலை உள்நாட்டு ஆற்றங்கரைகளுக்குப் போனது. பாலம் கட்டிக்கொண்டிருந்த நிறுவனங்கள் கப்பல் கட்டக் கற்றுக்கொண்டன. எவன்ஸ்வில்லில் மட்டும் 167 எல்.எஸ்.டி.கள் உருவாயின. கடலைப் பார்த்தேயிராத ஆண்களும் பெண்களும் வெல்டிங் கற்று, ஆற்றில் இறக்கி, மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு அனுப்பினார்கள்.

325 அங்கே பிறந்ததல்ல, பிலடெல்பியாவில் பிறந்தது. ஆனாலும் அந்த ஊர் இதைத் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. 2020-இல் நகரின் நடுவே ஆற்றங்கரைக்கு இடம் மாற்றினார்கள். இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை தன்னார்வலர்கள் எஞ்சினைப் போட்டு, ஆற்றோரத்திலுள்ள வேறு ஊர்களுக்குக் கப்பலை ஓட்டிப் போகிறார்கள். அங்கே வரிசையில் நின்று ஏறுகிறவர்கள், ஸ்ட்ரெச்சர்கள் அடுக்கடுக்காய்த் தொங்கிய அந்த நீண்ட டாங்கித் தளத்தில் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சில நாள் கழித்து அது மறுபடி எவன்ஸ்வில்லுக்குக் கிளம்பிவிடும்.